டெய்சி ராசம்மா என்னும் ருக்மணி தேவி

1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, நுவரெலியாவை அடுத்த இறம்பொடையில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்று பெயர் வைத்தார்கள். குடும்பம் கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தது. அந்தப் பெண் வெள்ளவத்தையில் படித்தார்; சிறு வயதிலேயே மேடை ஏறினார்; ருக்மணி தேவி என்ற பெயரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கள மேடையிலும் இசைத்தட்டிலும் திரையிலும் வாழ்ந்தார். சிங்களப் பேசும் படத்தின் முதற் கதாநாயகி அவர்தான். சிங்கள மக்கள் அவரை இலங்கையின் குயில் என்று அழைத்தார்கள். இன்றும் அப்படியே அழைக்கிறார்கள்.

அவரைப் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். தம்பிஐயா தேவதாஸ் போன்ற ஒருசிலர் சிங்களச் சினிமாவின் வரலாற்றைத் தமிழில் பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். அவர்களை விட்டால், நமது கலை வரலாற்று நூல்கள் அவரைக் கண்டுகொள்வதில்லை. நடிகையர் வரலாறு என்று எடுத்தால் கே.பி.சுந்தராம்பாள், டி.பி.ராஜலட்சுமி என்று கடல் கடந்து போய்விடுகிறோம். இலங்கை என்று திரும்பினால் தமிழில் நடித்தவர்கள் மட்டுமே நம் பட்டியலில் வருகிறார்கள். சிங்களவர் எழுதும் வரலாற்றிலோ அவர் சிங்கள நடிகை. ராசம்மா என்ற பெயர் முதல் வரியில் வந்து அதோடு மறைந்துவிடும். ஆக, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவரில் வாழ்ந்தவராகவே அவர் இருக்கிறார். அந்தச் சுவர் எப்போது எழுந்தது என்பதைப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாமும் இந்நாட்டில் அப்படியான ஒரு சுவரின் மேல் நெடுங்காலம் நின்றவர்கள்தாம்.

அவர் ஏறிய மேடை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1853 அளவில் லக்னோவில் ஆகா ஹஸன் அமானத் என்ற உருதுக் கவிஞர் 'இந்தர் சபா' என்ற இசை நாடகத்தை எழுதினார். தேவேந்திரன் சபையும் ஒரு பரியும் ஒரு மானிட இளவரசனும் வரும் கதை. எழுதியவர் முஸ்லிம், கதையில் வருவது இந்திர லோகம், பின்னாளில் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்று நடத்தியவர்கள் பம்பாய்ப் பார்சிகள். ஓவியம் தீட்டிய திரைகள், ஹார்மோனியம், மெட்டுக்குப் பாட்டு, பாட்டுக்கு நடுவே வசனம் என்ற அந்தப் பாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே காலத்தில் பரவியது. தமிழில் 'இந்திரசபா' ஆடப்பட்டது. பார்சிக் குழுக்கள் கொழும்புக்கு வந்து ஆடியதைப் பார்த்துத்தான் சிங்களத்தில் 'நூர்த்தி' என்ற நாடக வகை தழைத்தது. அதற்கென்றே 1911இல் மருதானையில் டவர் மண்டபம் கட்டினார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதே பாணிக்கு நாம் வைத்த பெயர் கொட்டகைக் கூத்து. தென்னிந்தியக் குழுக்கள் கப்பலேறி வந்து கொட்டகை போட்டு ஆடியதால் வந்த பெயர். 'ஸ்பெஷல் நாடகம்' என்றும் சொல்வார்கள். காங்கேசன்துறை வி.வி.வைரமுத்து இந்த மரபின் உச்சம். மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாக நின்று பாடியதை நேரில் கேட்டவர்கள் இன்றும் குடாநாட்டில் இருக்கிறார்கள். பேச்செடுத்தால் கதையை விட்டுவிட்டுப் பாட்டுக்கே போய்விடுவார்கள். வைரமுத்து பிறந்தது 1924இல். ருக்மணி தேவிக்கு ஒரு வயது இளையவர். ஒருவர் கடற்கரை ஊரில், மற்றவர் கொழும்பில்; மொழி வேறு, பார்வையாளர் வேறு. ஆனால் இருவரும் நின்ற மேடையின் பலகை ஒரே மரத்தில் அறுத்தது.

வேறுபாடு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு வைரமுத்து தோன்ற முடிந்தது. ஒரு ருக்மணி தோன்ற முடியவில்லை. நம் ஊர்க் கூத்தில் பெண் வேடம் ஆணுக்கே உரியது. கொட்டகைக்கு வந்த நடிகைகள் தமிழ்நாட்டுப் பெண்கள். அவர்களைப் பார்க்கக் கூட்டம் சேரும்; தன் வீட்டுப் பெண்ணை அந்த இடத்தில் நினைத்துப் பார்க்க எவரும் துணியமாட்டார்கள். இது இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதமின்றி எல்லா வீடுகளுக்கும் பொருந்தும். இணுவிலில் பிறந்த தவமணி தேவி நடிகையாக வேண்டுமென்றால் கடல் கடக்க வேண்டியிருந்தது. அவர் சென்னைக்குப் போய், 1937இல் மொடேர்ன் தியேட்டர்ஸின் முதற் படமான 'சதி அகல்யா'வில் நடித்தார். பிறகு 'வனமோகினி', 'ராஜகுமாரி' என்று பெயர் பெற்று, 2001இல் இராமேஸ்வரத்தில் காலமானார். அவர் துணிச்சலைப் பற்றி அக்காலப் பத்திரிகைகள் எழுதியதில் பாதிக்கு மேல் அவர் உடுத்த உடையைப் பற்றியது. கொழும்பின் கலப்பு வாழ்க்கை டெய்சி ராசம்மாவுக்குக் கொடுத்த இடத்தை யாழ்ப்பாணம் தன் மகளுக்குக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

முப்பதுகளின் இறுதியில் ரூபசிங்க மாஸ்டருடன் சேர்ந்து அவர் ஓர் இசைத்தட்டுக்குப் பாடினார். புத்தகயாவின் புனிதத்தைப் போற்றும் பாட்டு அது. சிங்கள வீடுகளில் அந்தத் தட்டு ஒலிக்காத வெசாக் இருந்திருக்காது. பாடியவர் பதின்வயதைத் தாண்டாத கிறிஸ்தவப் பெண், மேடைக்காகப் பூண்டது இந்துப் பெயர், பாடியது புத்தருக்கு. இதை அன்று ஒருவரும் விசித்திரமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. குரல் நன்றாக இருந்தது, கேட்டார்கள். கனத்த, சற்றே மூக்கில் அதிரும், ஒலிவாங்கி இல்லாத மண்டபத்தின் கடைசி வாங்கு வரைக்கும் போய்ச் சேர வேண்டிய குரல் அது. பின்னாளில் ஒலிவாங்கி வந்து மென்குரல்கள் மலிந்தபோதும் அந்த மேடைக் குரலை அவர் முழுதாக விட்டுவிடவில்லை. கொட்டகைப் பாட்டுக் கேட்ட காதுக்கு அந்தக் குரல் அந்நியமாக இராது.

நீர்கொழும்பைச் சேர்ந்த பி.ஏ.டபிள்யூ.ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்ததுதான் அவருடைய வாழ்க்கையின் திருப்பம். ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்ன குழுவின் நகைச்சுவை நடிகர். அவரையே ருக்மணி மணந்துகொண்டார். மினர்வா நாடகங்கள் புராணத்தை விட்டு நடுத்தரக் குடும்பக் கதைகளுக்கு வந்தவை. ஏமாற்றிச் சொத்தைப் பறிப்பவன், சீதனம், முறிந்த வாக்குறுதி, துன்பப்படும் பெண், நடுவில் வேலைக்காரனின் கேலி என்று போகும். நாடு முழுவதும் ஆடினார்கள். அவற்றுள் பெரும் வரவேற்புப் பெற்றது 'கடவுணு பொறொந்துவ'. 'முறிந்த வாக்குறுதி' என்பதே அதன் பொருள். அந்த நாடகத்தையே எஸ்.எம்.நாயகம் படமாக்கினார்.

இந்த இடத்தில் சற்று நின்று பெயர்களைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் நாயகம் தமிழர். படம் பிடிக்கப்பட்ட இடம் மதுரையில் இருந்த அவருடைய சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோ. இயக்கியவர் ஜோதிஷ் சிங்ஹா என்ற வங்காளி. இசை நாராயண ஐயர். கதாநாயகி கொழும்புச் செட்டிப் பெண். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் அது வெளியானது. சிங்களப் பேசும் படத்தின் பிறந்தநாளாக அந்தத் திகதி இன்றும் நினைக்கப்படுகிறது. அதே ஆண்டில் வந்த இரண்டாவது படமான 'அசோகமாலா'வுக்குப் பணம் போட்டவர் சேர் சிற்றம்பலம் ஏ.கார்டினர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கிய யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் அவர் பெயரில் உள்ள வீதியால் தினமும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அவர் யார் என்று கேட்டால் நம் மாணவர்களுக்குத் தெரியாது. மாணவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பாடநூலில் இருந்தால்தானே. சில ஆண்டுகளில் நாயகம் கந்தானையில் ஒரு ஸ்டூடியோ கட்டினார். சிங்களப் படங்கள் உருவான அந்த ஸ்டூடியோவின் பெயர் ஸ்ரீ முருகன் நவகலா.

நம்மவர் பெயர்களும் இந்த வரிசையில் உண்டு. பேசும் படத்துக்கு முன்னரே, 1925இல், இலங்கையில் எடுக்கப்பட்ட 'ராஜகீய விக்கிரமய' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தவர் நூர்பாய். பின்னாளில் இடதுசாரித் தலைவரான என்.எம்.பெரேரா அதில் நடித்தார். வெளிநாட்டில் காட்டப்பட்ட அந்தப் படம் இலங்கையர் பார்க்குமுன் தீக்கிரையானது. 'அசோகமாலா'வுக்கு இசையமைத்தவர் முகம்மது கவுஸ். கவுஸ் மாஸ்டர் என்றால்தான் பழைய இசைக்கலைஞர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தில்தான் மர்ஹூம் மொஹிதீன் பேக் திரைக்குப் பாடத் தொடங்கினார். சேலத்தில் 1919இல் பிறந்து இளவயதில் இலங்கைக்கு வந்தவர் பேக். சிங்களம் அவர் தாய்மொழியல்ல. ஆயினும் இன்றுவரை வெசாக், பொசொன் காலங்களில் பந்தலடிகளில் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்களுள் முதலில் நினைவுக்கு வருபவை அவர் குரலில் உள்ளவை. ருக்மணி தேவியும் பேக்கும் சேர்ந்து பாடிய பாடல்கள் பல. ஒரு கிறிஸ்தவச் செட்டிப் பெண்ணும் ஒரு முஸ்லிமும் ஒலிவாங்கியின் முன் நின்று சிங்களக் காதலுக்குக் குரல் கொடுத்தார்கள்.

இசை பற்றிய மார்க்க விவாதத்தை இங்கே திறக்க நான் விரும்பவில்லை. அதற்குத் தகுதியுள்ளோர் பேசட்டும். ஆனால் ஹலாலா ஹராமா என்ற கேள்விக்குப் பதில் எதுவானாலும், நடந்தது நடந்ததே. பேக்கைப் பற்றி நம் சமூகம் கூச்சத்தோடு மௌனம் காப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவர் பாடினார் என்பது ஒன்று, புத்தரைப் பாடினார் என்பது மற்றது. சீறாப்புராணத்தைத் தமிழ் இலக்கியத்தில் சேர்க்காதவர்களோடு நாம் எத்தனை தலைமுறையாக வழக்காடுகிறோம்! அந்த வழக்கை நடத்துபவர்கள் பேக்கின் பெயரை நம் ஏட்டிலிருந்து விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மினர்வாவின் வெற்றி தொடர்ந்து பத்தாண்டு நீடித்தது. 'கபடி ஆரக்ஷகய' உள்ளிட்ட மேடை நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாயின. படப்பிடிப்பு பெரும்பாலும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில். நடிகர்கள் இந்தியா போய்த் தங்கி நடித்துத் திரும்புவார்கள். வசனம் சிங்களம். ருக்மணி நடிப்பதோடு தன் பாட்டைத் தானே பாடினார். அவரை விட்டால் கதாநாயகி யார் என்று கேட்கும் நிலை இருந்தது.

பிறகு 1956 வந்தது. தனிச்சிங்களச் சட்டத்தின் ஆண்டு என்றே நமக்குத் தெரியும். கலை வரலாற்றிலும் அது ஒரு கோடு. நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் மேடையேறியது. டிசெம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வெளியானது. ஸ்டூடியோச் சுவரை விட்டுக் கிராமத்து வெயிலில் எடுக்கப்பட்ட படம். இரண்டும் உயர்ந்த படைப்புகள். அதில் எனக்கு ஐயமில்லை. மினர்வாப் படங்களின் மேடைத்தனத்தையும் கடன் வாங்கிய மெட்டுகளையும் விமர்சகர்கள் சாடியதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த விமர்சனத்தோடு இன்னொரு சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'தென்னிந்தியப் பாணி' என்ற சொல். கலைக் குறையைச் சுட்டப் புறப்பட்ட சொல், நாளடைவில் பிறப்பைச் சுட்டும் சொல்லாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், சரச்சந்திர 'சுதேச' வடிவமாகக் கண்டெடுத்த நாடகம என்ற வகையும் நம் கூத்திலிருந்து போனதுதான். கத்தோலிக்கக் கரையோரம் வழியாக, பிலிப்பு சிஞ்ஞோ போன்றோர் கையால், தமிழ்க் கூத்து சிங்கள நாடகமவானது. சரச்சந்திர இதை மறைக்கவில்லை. தன் ஆய்வில் எழுதியவர் அவர். அவருடைய முயற்சியின் ஊக்கத்தில்தான் பேராசிரியர் சு.வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று கூத்தை மீட்டெடுத்தார். ஆக, புதிதாகக் கடல் கடந்து வந்த தமிழ்ப் பாணி தள்ளப்பட்டது. பழைய நாளில் வந்த தமிழ்ப் பாணி தேசியமாயிற்று. இந்த மாற்றத்தில் நொறுங்கியது கொட்டகை மரபு. இங்கே வைரமுத்து தன் 'வசந்த கான சபா'வோடு கோயில் வீதிகளில் ஆடிக்கொண்டிருந்தார். ருக்மணிக்கு அப்படி ஒரு கோயில் வீதி இல்லை.

கதாநாயகி வேடம் இளைய நடிகைகளுக்குப் போனது. அவர் தாய் வேடத்துக்கும் துணை வேடத்துக்கும் இறங்கினார். 'இறங்கினார்' என்பது வழக்கில் உள்ள சொல் என்பதால் எழுதினேன். பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மேடையின் உரத்த நடிப்பில் வளர்ந்தவர், கமராவின் முன் எவ்வளவு குறைக்கலாம் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகு கற்றுக்கொண்டார். மினர்வாப் பாணிக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற அதே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1978இல் வந்த தன் 'அஹசின் பொலவட்ட' படத்தில் அவருக்கு இடம் கொடுத்தார். பாட்டிலும் அப்படியே. கிட்டார் வாத்தியக் குழுக்களின் காலம் வந்தபோது, தன்னைவிட மிக இளையவரான கிளாரன்ஸ் விஜேவர்தன இசையமைத்ததைப் பாடினார். இசைத்தட்டுக் காலத்தில் தொடங்கிய ஒருவர் பொப் இசைக் காலத்திலும் கைதட்டு வாங்கினார். பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம், இருக்கவில்லை. மேடைக் கலைஞருக்கு இந்நாட்டில் ஓய்வூதியம் ஏது?

1978 ஒக்டோபரில் மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. ஐம்பத்தைந்து வயதில் அங்கே போய்ப் பாடிவிட்டு, நீண்ட கரையோர வீதியால் நீர்கொழும்பு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். ஜாஎலவுக்கு அண்மையில் துடெல்லவில் வாகனம் விபத்துக்குள்ளானது. வீடு சேர அதிக தூரம் இருக்கவில்லை. 28ஆம் திகதி அவர் மறைந்தார். நீர்கொழும்பில் திரண்ட கூட்டத்தைப் பற்றி அங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்நகரில் அவருக்குச் சிலை உண்டு.

அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குள் 1983 ஜூலை. யாழ்ப்பாணத்தவரான கே.குணரத்தினம் ஹெந்தளையில் நடத்திய விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கே எரிந்தவற்றுள் பெரும்பகுதி சிங்களப் படச் சுருள்கள். 'ஸ்ரீ பத்துல' என்ற பௌத்தப் படத்தை எடுத்த தமிழரான இயக்குநர் கே.வெங்கட் கொழும்பில் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார். நாகர்கோவிலிலிருந்து வந்து சிங்களத் திரையிசைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான ஆர்.முத்துசாமி போன்றோரின் காலத்து உறவு அதோடு முறிந்தது. ருக்மணி தேவி அன்று இருந்திருந்தால் வீதியில் அடையாள அட்டையைக் கேட்டவர்களுக்கு எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

1990 ஒக்டோபரில் நமக்கு நடந்ததை இந்தப் பக்கங்களில் விவரிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேர அவகாசம். கையில் எடுத்துச் செல்ல முடிந்தவற்றுள் இசைத்தட்டுகள் இருந்திருக்க நியாயமில்லை. சோனகத் தெருவில் யார் வீட்டில் என்ன ஒலித்தது, கொட்டகைக் கூத்துக்கு நம்மவர் யார் போனார்கள், யார் ஹார்மோனியம் வாசித்தார்கள் என்பதெல்லாம் அந்த வீடுகளோடு போயிற்று. மறு ஆண்டு நவம்பரில் பேக் கொழும்பில் காலமானார்.

சிங்களச் சினிமாவைக் கட்டியெழுப்பிய தமிழர் தம் மொழியில் இங்கே ஒரு முழு நீளப் படம் காண 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியப் படங்கள் தியேட்டர்களை நிறைத்திருந்ததால் அதற்கு அவசரம் இருக்கவில்லை. அந்த முதற் படமான 'சமுதாய'த்தை எடுத்தவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அவருடைய பெயர் நம் பட்டியல்களில் எல்லாம் தவறாமல் இருக்கிறது. தமிழ்ப் படம் எடுத்ததால் அவரை நம்மவராக எழுதிக்கொண்டோம். இறம்பொடை ராசம்மாவுக்கான பக்கம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அவருடைய படங்களில் எஞ்சியவற்றைத் தேடிப் பிடிக்கவும், அவருடன் பாடியவர்களின் பிள்ளைகளிடமிருந்து கேட்டு எழுதவும் இன்னும் சில ஆண்டுகளே கைவசம் உண்டு. நீர்கொழும்பிலும் கொழும்பிலும் உள்ள நம் எழுத்தாளர்களுக்குச் சிங்களமும் தமிழும் ஒருசேர வரும். அந்தப் பழைய வீடுகளின் கதவைத் தட்டுவதும் அவர்களுக்குச் சுலபம்.